ஐம்பத்தாறு என்னும் இலக்கம்: அளவையாகுபெயரும் சமூக வரலாறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர் ‘ஐம்பத்தாறு’ என்று கூறுவாராயின், அவர் எதனைக் குறிக்கின்றார் என்பது அவர் யார் என்பதைப் பொறுத்ததாகும். சந்தையிலே வெங்காயமும் மிளகாயும் நிறுத்துப் பழகிய முதிய வியாபாரிக்கு அது அரை அந்தர். அதாவது ஐம்பத்தாறு இறாத்தல் நிறையுள்ள இரும்புப் படிக்கல். வடமராட்சியின் பழைய இடதுசாரிக் குடும்பமொன்றில் அது ஒரு தேர்தல். அரசாங்க உத்தியோகத்தை நம்பியிருந்த நடுத்தர வர்க்கத்தவருக்கு அது ஒரு சட்டம். கதை சொல்லும் பாட்டிக்கு அது சுயம்வரத்துக்கு வந்திருந்த அரசர்களின் தொகை. போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்தவருக்கோ அது ஒரு துப்பாக்கி.

ஒன்றோடொன்று எவ்வித உறவுமில்லாத பொருள்கள் ஒரே இலக்கத்தைப் பெயராகத் தாங்கி நிற்கும் இந்நிலைமை உலகெங்கும் காணப்படுவதுதான். கப்பலும் தோட்டாவும் விளையாட்டுக் கருவியும் ஒரே எண்ணாற் சுட்டப்படுவதுண்டு. ஐம்பத்தாறுக்கும் இம்மூன்றும் உண்டு என்பதைப் பின்னர் காண்போம். இத்தகைய ஒற்றுமைகளைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவற்றில் மறைபொருள் தேடுதல் அதனினும் எளிது. எமக்கு இரண்டும் உடன்பாடல்ல. எண் ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆயின் ஒவ்வோர் எண்ணும் அவ்வப் பொருளின்மீது ஏறியமர்ந்த வரலாறு தற்செயலானதன்று. யார், எதை, யாருக்காக எண்ணினார்கள் என்று கேட்கும்போதே அவ்வரலாறு வெளிப்படுகின்றது.

தமிழிலக்கணம் இக்கேள்விக்கு ஒரு கருவியை ஏற்கெனவே தந்துள்ளது. ஆகுபெயரை வகுத்த நன்னூலார் பொருள், இடம், காலம் முதலான ஆறினையும் அடுத்து அளவைகளைக் கூறினார். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்காகும். அளவின் பெயர் அளக்கப்பட்ட பொருளுக்கு ஆகி வருதல் அளவையாகுபெயர். ஆகுபெயருக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: முதற்பொருளோடு இயைபு இருத்தல் வேண்டும், வழக்கு தொன்றுதொட்டு வருதல் வேண்டும். இவ்விரண்டிலும் இயைபு பற்றிய நிபந்தனையே எமது நோக்கத்துக்கு முக்கியமானது. ஓர் எண் எப்பொருளோடு எவ்வாறு இயைந்தது என்று இலக்கணமே எம்மைக் கேட்கத் தூண்டுகின்றது.

எண்ணே நூற்பெயராதல் தமிழிற் பழைய வழக்காகும். பதினெண்கீழ்க்கணக்கில் மட்டும் நான்கு ‘நாற்பதுகள்’ உள்ளன. கார்காலத்துப் பிரிவைப் பாடும் நூலும், குருதி தோய்ந்த போர்க்களத்தைப் பாடும் நூலும், இன்னாதவற்றையும் இனியவற்றையும் அடுக்கிக் கூறும் நூல்களும் அப்பெயரைப் பெற்றன. பாட்டின் தொகையன்றி அவற்றுக்குப் பொதுவானது அதிகமில்லை. ஆயினும் எண்ணுக்கு முன்னே கார் என்றும் களவழி என்றும் ஒரு சொல் நின்று காவல் செய்தது. இன்றைய இலக்கப் பெயர்களில் அக்காவற்சொல் தேய்ந்து ஓரெழுத்தாகிவிட்டது. பேச்சிலே அதுவும் உதிர்ந்துவிடுகின்றது.

ஐம்பத்தாறின் மிகப் பழைய வழக்கு எண்ணலளவை சார்ந்தது. ‘ஐம்பத்தாறு தேசத்து ராசாக்கள்’ என்பது தமிழகத்திலும் ஈழத்திலும் நாட்டார் கதைகளின் நிலையான தொடர். பாரத தேசங்களை ஐம்பத்தாறாகப் பகுக்கும் மரபு வடமொழியிற் சக்திசங்கம தந்திரத்திலே பட்டியலாகவே காணப்படுகின்றது. அப்பட்டியலிற் சிங்களமும் உண்டு, மகாசீனமும் உண்டு. ஆயினும் கதை கேட்போர் எவரும் அரசர்களை எண்ணிப்பார்ப்பதில்லை. அங்கே ஐம்பத்தாறு என்பது ‘உலகம் முழுவதும்’ என்றே பொருள்படும். எண்ணுதற்குப் பிறந்த எண், எண்ணும் தொழிலை விட்டு நிறைவைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

எடுத்தலளவைக்கு வரும்போது நாம் கதையுலகை விட்டுச் சந்தைக்கு வந்துவிடுகின்றோம். அந்தர் என்பது ஆங்கிலத்தில் நூறு என்னும் பொருள்தரும் ‘ஹண்ட்றட்’ என்ற சொல்லின் திரிபு. ஆனால் அந்தர் ஒன்றில் நூறு இறாத்தல் இல்லை, நூற்றுப்பன்னிரண்டு உண்டு. பதினான்கு இறாத்தல் ஒரு கல், எட்டுக் கல் ஓர் அந்தர், இருபது அந்தர் ஒரு தொன் என்பது ஆங்கிலேயர் கணக்கு. அமெரிக்கர் நூறு இறாத்தலையே கொண்டனர். குடியேற்ற நாடாகிய இலங்கைக்கு நூற்றுப்பன்னிரண்டே வாய்த்தது. பெயரில் நூறும் பொருளில் நூற்றுப்பன்னிரண்டும் இருப்பதன் விளைவாகவே அதன் பாதி ஐம்பதாகாது ஐம்பத்தாறாயிற்று. இறாத்தல் என்ற சொல்லும் அரபு மூலத்தையுடையது என்பதைச் சேர்த்து நோக்கினால், எமது தராசுத் தட்டில் இந்து சமுத்திர வணிகத்தின் வரலாறே கிடப்பது புலப்படும்.

இவ்வளவை வெறும் கணக்கன்று. அந்தர் என்பது தோட்டக்காரனுக்கும் தரகனுக்கும் இடைப்பட்ட உறவின் பெயர். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்திற் குடாநாட்டின் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. செம்மண் தோட்டங்களிற் கல்வீடுகள் எழுந்த காலம் அதுவென்று பலரும் நினைவுகூர்வர். அந்நாளில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட எண் ‘அந்தர் என்ன விலை’ என்பதே. ஆயின் தராசிற் காட்டிய எண்ணும் மடியில் விழுந்த பணத்துக்குரிய எண்ணும் ஒன்றாயிருந்ததில்லை. சந்தையிற் ‘கழிவு’ என்ற பெயரில் நிறையின் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்துக் குடாநாட்டு விவசாயிகள் நெடுங்காலமாகக் குரலெழுப்பி வந்துள்ளனர். நூறு கிலோவிற் பத்துக் கிலோ கழிக்கப்படுமாயின், தொண்ணூறு கிலோவுக்கே பணம்; எஞ்சிய பத்துக் கிலோவில் அடங்கிய உழைப்புக்கு விலையில்லை. மாக்ஸ் மூலதனத்தின் தொடக்க அத்தியாயத்திற் சணல்துணியையும் மேற்சட்டையையும் கொண்டு விளக்கிய செய்தி இதற்கு அயலானதன்று. வேறுபட்ட பொருள்களை ஒரே எண்ணால் ஒப்பிடும்போது, அவற்றுட் புதைந்த உழைப்பு கண்ணுக்கு மறைகின்றது. கழிவு என்ற வழக்கிலோ அம்மறைவுக்கு ஒரு பெயரும் கிடைத்துவிட்டது.

மெற்றிக் முறை வந்த பின்னரும் ஐம்பது கிலோ மூடையை ‘ஓர் அந்தர்’ என்றே வழங்குவோர் உளர். பழைய அந்தர் 50.8 கிலோவாதலால் வழக்கு பெரிதும் பிழையில்லை. அரை அந்தர் 25.4 கிலோ. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதைப் பாடசாலையில் மனனம் செய்தவர்கள் இவ்விடத்திற் சற்றுத் திடுக்கிடலாம். இது தற்செயலன்றி வேறில்லை. எண்களுக்குள் ஒற்றுமை தேடப் புகுவார் எதையும் கண்டுபிடிக்க இயலும் என்பதற்கு நல்ல உதாரணம் என்ற அளவிலேயே இதனைக் குறிப்பிடுகின்றோம்.

இதே அரை அந்தர்ப் படிக்கல்லே விளையாட்டுக் கருவியாகவும் மாறியது. ஸ்கொத்லாந்திலும் அயர்லாந்திலும் உழைப்பாளர் வேலை ஓய்ந்த நேரத்தில் நிறைகல்லைத் தூக்கி எறிந்து வலிமை காட்டினர். ஐம்பத்தாறு இறாத்தல் பாரம் எறிதல் என்ற போட்டி அதிலிருந்து முளைத்தது. 1904இல் செயின்ற் லூயிஸ் நகரிலும் 1920இல் அன்ற்வேர்ப் நகரிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் இப்போட்டி இடம்பெற்றது. முதலாவதிற் கனடாவின் எற்றியன் டெமார்த்தோ 10.46 மீற்றர் எறிந்து வென்றார்; இரண்டாவதில் அமெரிக்காவுக்காகப் பற் மக்டொனல்ட் வென்றார். இருவரும் பொலிஸ்காரர். பின்னர் ஒலிம்பிக்கிலிருந்து இது நீக்கப்பட்டபோதிலும் ஸ்கொத்லாந்து மலைநாட்டு விளையாட்டுகளில் இன்றும் உண்டு. எமது நாட்டில் இப்போட்டி வேரூன்றவில்லை. தமிழகக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயின் இளவட்டக்கல்லுக்கு இலக்கமில்லை. அதைத் தூக்க வேண்டியவன் யார் என்பதே அதன் பெயர். சந்தையின் படிக்கல் ஆடுகளத்துக்கு வந்தபோது சந்தையின் எண்ணையும் உடன் கொண்டுவந்தது. ஊர்ப் பொதுவில் கிடந்த கல் அவ்வாறு செய்யத் தேவையிருக்கவில்லை. ஆகவே அரை அந்தரும் ஒலிம்பிக் பாரமும் இலக்கத்தாலன்றி வரலாற்றாலேயே உறவினர். இவ்வுறவு எமது பட்டியலில் விதிவிலக்கு.

இனிக் காலவாகுபெயருக்கு வருவோம். கார் என்னும் பருவப் பெயர் அப்பருவத்து விளையும் பயிருக்கு ஆவதுபோல, ஆண்டின் பெயர் அவ்வாண்டின் நிகழ்ச்சிக்கு ஆகின்றது. ஈழத்தமிழர் பேச்சில் ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, எண்பத்துமூன்று என்பன எண்களல்ல, கலவரங்களின் பெயர்கள். ஐம்பத்தாறு அவ்வரிசையின் முதலிலே நிற்பது. அரசாங்க ஏடுகள் அதனை ‘1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம்’ என்று எழுதும். மக்கள் முப்பத்துமூன்றைக் கைவிட்டு ஐம்பத்தாறை வைத்துக்கொண்டனர். சட்டத்தின் வரிசை எண் அதை இயற்றியோருக்கு வேண்டியது. அதன் ஆண்டு அதை அனுபவித்தோருக்கு வேண்டியது. இங்கே ஒரு சிறு விநோதத்தையும் சுட்டலாம். பஞ்சாங்கக் கணக்கின்படி அவ்வருடம் ஏப்ரில் முற்பகுதியில் நடைபெற்ற பொதுத்தேர்தல் மன்மத வருடத்தில் அமைந்தது. சட்டமோ துன்முகி வருடத்தில் வந்தது. ஆயினும் வாக்கிய பஞ்சாங்கத்தை நாள்தோறும் புரட்டும் யாழ்ப்பாணத்தில் எவரும் அதைத் ‘துன்முகிச் சட்டம்’ என்று அழைத்ததில்லை. அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும் பெயர், திரும்பி வராத ஒன்றைக் குறிக்கப் போதியதாகத் தோன்றவில்லைப் போலும்.

ஆயின் இவ்வெண்ணுக்கு எல்லோரும் ஒரே பொருள் கொண்டனரா? இதுவே எமக்கு மிக முக்கியமான கேள்வி. தெற்கிலே ஐம்பத்தாறு என்பது பிக்கு, சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்ற ஐம்பெரும் சக்திகளின் வெற்றி. பிரித்தானியக் கடற்படைத் தளமும் விமானத் தளமும் 1957இல் மீளப் பெறப்பட்டன. பஸ் போக்குவரத்தும் கொழும்புத் துறைமுகமும் 1958இல் தேசியமயமாயின. அதே ஆண்டில் நெற்காணிச் சட்டம் வந்தது. கலைத்துறையிற் சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956 நவம்பரில் மேடையேறியது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைப்படம் அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்தது. ‘மனமே’யின் வெற்றி பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்து மீட்புப் பணிக்கு உந்துதலாயிருந்தது என்பதையும் மறுக்கவியலாது. ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய ஆக்கங்கள் 1960களில் எழுந்தன.

வடக்கிலே ஐம்பத்தாறு என்பது ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் அடிபட்ட சத்தியாக்கிரகிகளும், கல்லோயாவிற் சிந்திய இரத்தமும், கதவடைக்கப்பட்ட அரசாங்க உத்தியோகமும் ஆகும். ஆனால் வடக்கும் ஒருபடித்தானதாக இருக்கவில்லை. அதே தேர்தலிற் பருத்தித்துறைத் தொகுதி கொம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிவு செய்தது. குடாநாடு பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஒரே கொம்யூனிஸ்ட் அவரே. மொழி மசோதாவை அவர் சபையில் எதிர்த்தார். மேலும், சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவ்வாட்சிக் காலம் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தையும் தந்தது. அச்சட்டம் ஏட்டிற் கிடந்தமையாலேயே பத்தாண்டு கழித்துத் தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராட வேண்டியதாயிற்று. ஆயினும் மொழிச்சட்டத்தால் உத்தியோகத்தை இழந்தவருக்கும், அவ்வுத்தியோகத்தை முன்னரும் அடைய வழியில்லாதிருந்தவருக்கும் ஐம்பத்தாறு ஒரே எண்ணாக ஒலித்திருக்க முடியாது. கட்சிக் கிளைகளுக்குள்ளோ அது சோவியத் கட்சியின் இருபதாம் மாநாட்டைக் குறித்தது. அதன் அதிர்வு 1963–64இல் இலங்கைக் கட்சியை இரண்டாகப் பிளந்தது. சொற்குறி வர்க்கங்கள் மோதும் களமாகின்றது என்று வொலொஷினொவ் 1929இல் நிறுவிய கருத்துக்கு, சொல்லுங்கூட அல்லாத இவ்விலக்கத்தை விடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

இவ்விடத்தில் எமது அணியின் தவறொன்றையும் மறைக்காது கூறுதல் கடன். முற்போக்கு விமரிசனம் ஐம்பத்தாறைத் தேசிய எழுச்சியின் ஆண்டென்று எழுதியபோது, மொழிச்சட்டத்தை அவ்வெழுச்சியின் பக்கவிளைவாக ஒதுக்கிவைத்தது. 1956இல் மசோதாவை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியும் 1966 ஜனவரியிலே தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கெதிரான ஊர்வலத்திற் பங்குகொண்டன. முன்னர் இருமொழிக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வாவே 1972 யாப்பை உருவாக்கிய அமைச்சரானார். இதனை விளக்காது தேசிய எழுச்சி பற்றிப் பேசுதல் தமிழ் வாசகனை நம்பிக்கையிழக்கச் செய்தது. அவன் நம்பிக்கையிழந்தது நியாயமே. மறுபுறத்தில், தமிழ்த் தேசிய எழுத்து ஐம்பத்தாறைச் சட்டமாக மட்டும் சுருக்கியது. பருத்தித்துறை வாக்காளரையும் கோயில் வாசலில் நின்றவரையும் அவ்வெண்ணிலிருந்து நீக்கியது. அதுவும் ஒருவகைக் கழிவே.

இனித் துப்பாக்கி. ரி-56 என்பதில் உள்ள ஐம்பத்தாறும் அதே 1956ஆம் ஆண்டுதான். சீன மக்கள் குடியரசு, படைக்கருவியை ஏற்றுக்கொண்ட ஆண்டின் கடைசி ஈரிலக்கத்தால் அதனைப் பெயரிடும் வழக்கத்தை மேற்கொண்டது. சோவியத் நாட்டின் ஏகே-47இன் வழிவந்த துப்பாக்கி அவ்வாறு ஐம்பத்தாறாயிற்று. விநோதம் யாதெனில், அதே ஆண்டில் ஏற்கப்பட்ட வேறுவகைக் குறுந்துப்பாக்கி ஒன்றும், இலேசுரக இயந்திரத் துப்பாக்கி ஒன்றும், இவை மூன்றுக்கும் உரிய தோட்டாவும் கூட ஐம்பத்தாறு என்றே பெயர் பெற்றன. ஆகவே ‘ஐம்பத்தாறைக் கொண்டுவா’ என்று ஒருவன் கட்டளையிட்டால், மூன்று துப்பாக்கிகளில் எதைக் கேட்கின்றான் அல்லது தோட்டாவையே கேட்கின்றானா என்பது எண்ணால் விளங்காது. இருபதாம் மாநாடு நடைபெற்ற அதே ஆண்டில், சோவியத் நட்பின் கனியாக இக்கருவிகள் சீனாவிற் பிறந்தன என்பதும் நினைத்தற்குரியது. நட்பு முறிந்தது, இலக்கம் நின்றது.

ஆண்டை யார் எண்ணுகின்றார் என்பதும் கேள்விக்குரியதே. சீனர் பொதுவழக்கிலுள்ள ஆண்டைக் கொண்டனர். ஜப்பானியப் பேரரசு தனது அரச பரம்பரைக் கணக்கை எண்ணியது. 1940 அவர்களுக்கு 2600. அதனால் அவ்வாண்டின் போர்விமானம் ‘சைபர்’ எனப்பட்டது. 1942 ஏப்ரிலிற் கொழும்பின்மீதும் திருகோணமலைமீதும் பறந்தவை அவ்விமானங்கள். சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று படித்த எமது முன்னோர் அஞ்சியோடியது ஓர் அரச வம்சத்தின் கற்பனை வயதுக்கு.

மேடைப் பேச்சாளர் சிலர், ஐம்பத்தாறாம் ஆண்டுச் சட்டமே ஐம்பத்தாறு என்னும் துப்பாக்கியைப் பெற்றது என்று கூறிக் கைதட்டல் பெறக்கூடும். சிலேடை என்ற அளவில் அது சுவையானது. வரலாறு என்ற அளவில் அது தீங்கானது. சட்டத்துக்கும் துப்பாக்கிக்கும் இடையில் 1957, 1965 ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டமையும், 1972 யாப்பும், பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும், 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரமும், 1981இல் எரிந்த நூலகமும், 1983 ஜூலையும் கிடக்கின்றன. சிலேடை இவையனைத்தையும் ஒரே தாவலிற் கடந்துவிடுகின்றது. கொழும்பு அரசின் படைக்கு 1980களில் வந்துசேர்ந்த அத்துப்பாக்கி, பின்னர் எதிரணியின் கைகளிலும் இருந்தது. வைத்திருப்பவன் எவனாயினும் இலக்கம் மாறவில்லை. இன்றும் தென்னிலங்கைப் பாதாள உலகக் கொலைச் செய்திகளிற் சுட்டவனின் பெயர் தெரியாதபோதும் ‘ரி-56 ரகத் துப்பாக்கி’ என்பது தவறாது அச்சேறுகின்றது.

நீட்டலளவையாகுபெயரும் இதே களத்திற் கிடைக்கின்றது. மேலைநாட்டு இராணுவக் கூட்டணி 1980இல் தரப்படுத்திய தோட்டா 5.56 மில்லிமீற்றர். தசமப் புள்ளியை மறந்த செவிக்கு இங்கும் ஐம்பத்தாறு கேட்கும். ஆயின் இது ஆண்டன்று, குழலின் உள்விட்டம். அதிலும் குண்டின் உண்மை விட்டம் ஏறத்தாழ 5.70. பெயர் குழலை அளந்தது, குண்டை அளக்கவில்லை. ரி-56 துப்பாக்கியின் தோட்டாவோ 7.62 மில்லிமீற்றர், இது ஓர் அங்குலத்தின் பத்தில் மூன்று பங்கு. பழைய ரஷ்ய அளவில் ‘மூன்று கோடு’ எனப்பட்டது இதுவே. இலங்கைப் படை முன்னர் பயன்படுத்தியதும், 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்தியப் படை ஏந்தி வந்ததுமான எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் தோட்டாவும் 7.62தான். எனினும் முன்னையதன் உறை முப்பத்தொன்பது மில்லிமீற்றர் நீளம், பின்னையதன் உறை ஐம்பத்தொன்று. ஒன்றின் தோட்டா மற்றதிற் பொருந்தாது. ஒரே எண்ணைப் பெயராகக் கொண்ட இவ்விரண்டையும் குடாநாட்டு மக்கள் அளவுகோலின்றி ஓசையாலேயே பிரித்தறியப் பழகினர். அத்தகைய செவியறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

கலம் என்ற தமிழ்ச் சொல்லை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். மரக்கலம், படைக்கலம், உண்கலம், அணிகலம் என அது கடலிலும் களத்திலும் அடுக்களையிலும் வழங்கும். நெல்லளக்கும் முகத்தலளவையும் கலமே. இத்தனை பொருள்களுக்கும் ஒரே சொல் வழங்குவது முதல்நோக்கில் இலக்க ஒற்றுமை போலவே தோன்றும். ஆயின் கலத்தின் பொருள்களுக்கிடையிற் கொள்வது, ஏந்துவது, கருவியாவது என்ற உறவுகளை ஆராய்ந்து காட்டலாம். ஐம்பத்தாறுக்கு அவ்வாறு செய்ய இயலாது. சொல் பொருளிலிருந்து பொருளுக்கு நடந்து சென்றது. இலக்கம் ஒவ்வொரு தடவையும் புறத்திலிருந்து ஒட்டப்பட்டது.

கப்பல்களின் இலக்கம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சீனக் கடற்படையில் 056 என்ற வகைச் சிறுபோர்க்கப்பல் உண்டு. அவ்வகையின் முதற்கப்பல் 2013இற் பணியிற் சேர்ந்தது. வங்காளதேசக் கடற்படை 2016இல் அவ்வகையில் இரண்டைச் சேர்த்துக்கொண்டது. இவ்வைம்பத்தாறு ஆண்டுமன்று, நிறையுமன்று, நீளமுமன்று. வரிசை எண் என்று கொண்டாலும் காலவரிசை அதிற் கிடையாது. 1972இல் இலங்கைக்குக் கிடைத்த சாங்காய் வகைப் பீரங்கிப் படகுகள் 062. 2019இற் கிடைத்த ‘பராக்கிரமபாகு’ 053 வகையைச் சார்ந்தது. அறுபத்திரண்டு மூத்தது, ஐம்பத்தாறு இளையது. வகைக்கொரு தொகுதி எண்ணை அலுவலகம் ஒதுக்கியது என்பதே இதன் விளக்கம். நன்னூலாரின் அளவை நான்கிலும் இதற்கு இடமில்லை. எதையும் எண்ணாத, எதையும் நிறுக்காத, அளக்காத எண் இது. நவீன அரசும் தொழிற்சாலையும் உலகுக்கு அளித்த புதுவகைப் பெயர் இதுவெனலாம்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. விலைக்கு வாங்கியவர் அதற்கு ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற வேறு பெயரைச் சூட்டினார். அன்று கப்பல் கைமாறியதைப் பெயர் மாறியமை காட்டியது. இன்று குடாநாட்டுக் கடற்றொழிலாளியின் படகு வேறுவகையாக அறியப்படுகின்றது. கண்ணாடியிழைப் படகில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியிருப்பின் ஓ.எப்.ஆர்.பி. என்ற எழுத்துகள், பின்னர் ஓர் எழுத்து, பின்னர் நான்கிலக்க எண், இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஜே.எப்.என். என்று பதியப்படும். இயந்திரமில்லா வள்ளத்துக்கும் பலநாட் படகுக்கும் வேறு எழுத்துகள். ஆகவே 0056 என்ற எண் எழுத்துக்கு எழுத்து, மாவட்டத்துக்கு மாவட்டம் மீண்டும் மீண்டும் வருதற்குரியது. காங்கேசன்துறைக் கடலிலும் தங்காலைக் கடலிலும் ஒரே நாளில் இரண்டு ஐம்பத்தாறுகள் வலை விரிக்கலாம். அவற்றிடையே வம்பில்லை.

வம்பு வேறிடத்தில் உள்ளது. பாக்கு நீரிணையின் மறுகரையிலிருந்து வரும் இழுவைப்படகும் இவ்வாறே எழுத்துகளும் இலக்கங்களும் தாங்கியது: நாடு, மாநிலம், மாவட்டம், இயந்திரப் படகென்ற குறி, பின் தொடரிலக்கம். ஏட்டிலே இரண்டும் ஒரே இனத்துப் பதிவுகள். கடலிலோ ஒன்று பதினெட்டடி சொச்ச நீளமுள்ள, இருவர் செல்லும் படகு. மற்றது கடலடியை வாரிச்செல்லும் விசைப்படகு. அதன் உரிமையாளர் பெரும்பாலும் கரையில் இருப்பார். கூலிக்குச் செல்பவரே கைதாவர். கடலடி இழுவைமடி இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. இரு கரைகளிலும் தமிழ் பேசும் உழைப்பாளரே மோதுகின்றனர் என்பதைச் சொல்லி ஆறுதலடையும் வழக்கம் எம்மிடையே உண்டு. படகுக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்காத அவ்வாறுதல் எமக்கு உவப்பன்று.

இரவில் வலை அறுபட்ட யாழ்ப்பாணத் தொழிலாளி காலையில் முறைப்பாடு செய்யச் செல்கின்றான். அவனது படகின் இலக்கம், இயந்திரத்தின் இலக்கம், அடையாள அட்டையின் இலக்கம் யாவும் கேட்டெழுதப்படுகின்றன. வலையை அறுத்த படகின் இலக்கம் யாது என்பது அடுத்த கேள்வி. இருளில் அவனுக்குத் தெரிந்தது இயந்திரத்தின் ஓசையும் விளக்கின் வெளிச்சமும் மட்டுமே. அவ்விடம் வெறுமையாக விடப்படுகின்றது.